எல்லை நிலையத்தை இரு கட்டண மண்டலங்களிலும் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்: புறநகர் விரைவுப் பேருந்துத் தடத்தின் பயணிகள்

பெறுநர்: போக்குவரத்துத் துறை ஆணையர் அவர்கள்

பொருள்: மண்டல எல்லையில் உள்ள நிலையத்தின் கட்டணம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். விரைவுப் பேருந்து வந்த பிறகு நகருக்குப் போய்வருவது எங்களுக்கு எவ்வளவோ எளிதாகிவிட்டது. தனிப்பாதை, படியேறத் தேவையில்லாத மேடை, ஏறும் முன்பே கட்டணம் எல்லாமே நன்றாக இருக்கின்றன. தடத்தை மண்டலங்களாகப் பிரித்து, எத்தனை மண்டலம் என்று பார்த்துக் கட்டணம் வாங்குகிறார்கள்; அந்த மண்டலக் கோடு போட்ட இடம்தான் எங்களை வாட்டுகிறது.

எங்கள் நிலையம் அந்தக் கோட்டைத் தாண்டியதும் வருகிறது. அதனால் முந்தைய நிலையத்தில் ஏறி இங்கே இறங்கினாலும் இரண்டு மண்டலக் கட்டணம். முதல் மண்டலத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகிறவருக்கோ ஒரு மண்டலக் கட்டணம்தான்.

மாலையில் முந்தைய நிலையத்துக்கு ஒருமுறை நேரில் வந்து பாருங்கள், ஐயா. எங்கள் பகுதிக்காரர்கள் பலர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். பள்ளிப் பையைச் சுமந்த பிள்ளைகளும், முழங்கால் வலியோடு பெரியவர்களும் நடைபாதை இல்லாத சாலையோரமாக, லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி வீடு வந்து சேர்கிறார்கள். அவர்கள் வந்த பேருந்து பாதிக் காலியாக எங்கள் நிலையத்தில் நின்றுவிட்டுப் போகிறது.

எங்கள் நிலையத்தை இரண்டு மண்டலங்களுக்கும் பொதுவாக்குங்கள். நகரிலிருந்து வருபவருக்கு அது முதல் மண்டலம். வெளிப்புறத்திலிருந்து வருபவருக்கு இரண்டாம் மண்டலம். லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு நிலையத்தை 2016-இல் இப்படித்தான் 2, 3 ஆகிய இரு மண்டலங்களிலும் சேர்த்தார்கள். இதற்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. கட்டணக் கணக்கையும் அறிவிப்புப் பலகைகளையும் மாற்றினால் போதும்.

வருமானம் குறையுமே என்று கேட்கலாம். முழுக் கட்டணம் கொடுத்து வருபவர்களிடம் கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் முன்பே இறங்கி நடப்பவர்கள் இப்போதும் ஒரு மண்டலக் கட்டணம்தானே கொடுக்கிறார்கள்? அவர்களால் இழப்பு ஒன்றுமில்லை. அலுத்துப்போய் இருசக்கர வண்டிக்கு மாறியவர்கள் திரும்பி வந்தால் அது புது வருமானம்.

எல்லோருக்கும் ஒரே கட்டணம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் அருகில் போகிறவர், தொலைவில் போகிறவருக்கும் சேர்த்துக் கொடுப்பதாகிவிடும். சிங்கப்பூர் 2010-இல் செய்ததுபோல, பேருந்து மாறினாலும் மொத்தத் தூரத்துக்கு ஒரே கணக்கு என்று பிறகு கொண்டுவந்தால் இன்னும் நல்லது. அதற்கு நாளாகும் என்பது எங்களுக்கும் தெரியும்.

அப்புறம் ஒன்று: மண்டல வரைபடத்தை அட்டை தேய்க்கும் வாயிலுக்கு முன்பே, பெரிய எழுத்தில் வைக்க வேண்டும். இப்போது உள்ளே போன பிறகுதான் அது கண்ணில் படுகிறது.

அடுத்த கட்டணத் திருத்தத்திலேயே இதைச் சேர்க்குமாறும், எடுக்கும் முடிவை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எல்லை நிலையப் பயணிகள்