ஜார்ஜ் சத்திரத்தின் கல்லாப்பெட்டி: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய பப்புக்குப் போனதாகப் படம் அனுப்பியிருந்தாய். பின்னால் மரக் கைப்பிடி வைத்த மாடித் தாழ்வாரம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, சதக் பகுதியில் இருக்கும் ஜார்ஜ் இன், அதாவது ஜார்ஜ் சத்திரம். 'ஷேக்ஸ்பியர் குடித்த இடம் மாமா' என்று கீழே ஒரு வரி வேறு. அதைப் படித்தபின் கை சும்மா இருக்குமா?

ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-இல். நீ சாய்ந்து நிற்கும் தூண் 1677 வாக்கில் நட்டது. 1676 மே மாதம் சதக்கில் பிடித்த தீயில் ஏறக்குறைய 500 வீடுகள் எரிந்தன. பழைய ஜார்ஜும் அதில் சாம்பலானது. அதனால் மனை அவர் காலத்தது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்.

சதக்கில் ஏன் அத்தனை சத்திரங்கள் இருந்தன என்றால், காரணம் தேம்ஸ் நதியின் மேலிருந்த லண்டன் பாலம்தான். 1750-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் திறக்கும்வரை தெற்கிலிருந்து லண்டன் நகருக்குள் போக அந்த ஒரே பாலம். இரவில் அதன் கதவைச் சாத்திவிடுவார்கள். கென்ட் பக்கமிருந்து பொழுது சாய்ந்து வந்த வண்டிக்காரன் எங்கே போவான்? தெருவிலிருந்து ஒடுங்கிய வாசல், உள்ளே நீண்ட முற்றம், சுற்றிலும் மாடி அறைகள், கடைசியில் குதிரை லாயம். ஜார்ஜுக்கு அடுத்த வாசல்தான், பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் யாத்திரிகர்கள் கூடும் டபார்டு சத்திரம். அதை 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள்.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. வந்து குடித்துவிட்டுப் போனவர்களின் பெயரையே எல்லாரும் பேசுகிறார்கள். கல்லாவில் உட்கார்ந்தவர்களை யார் பேசுகிறார்கள்? தீக்குப் பிறகு சத்திரத்தை எழுப்பியவர் மார்க் வேலண்ட் என்ற குத்தகைக்காரர். அவருக்குப் பின் நடத்தியது அவர் மனைவி. சில கைகள் மாறி ஸ்கோல்ஃபீல்டு குடும்பத்திடம் வந்தது. அங்கேயும் கடைசியில் பொறுப்பு ஃபிரான்சிஸ் ஸ்கோல்ஃபீல்டு என்ற பெண்மணியிடம். கோச்சு வண்டிகள் கிளம்பும் சத்தத்தையும், 1836-இல் பக்கத்திலேயே ரயில் வந்தபிறகு அந்தச் சத்தம் தேய்ந்ததையும் கேட்ட குடும்பம் அது.

1849-இல் கைஸ் மருத்துவமனை வாங்கியது. 1874-இல் கிரேட் நார்தர்ன் ரயில்வே வாங்கியது. வயிற்றில் அடித்தவனே வீட்டையும் வாங்கிய கதைதான். சரக்கு வைக்க இடம் வேண்டுமென்று 1889-இல் மற்ற பக்கங்களை இடித்தார்கள். மிஞ்சியது தெற்குப் பக்கம் மட்டும். உன் படத்தில் இருப்பது அதுதான். அப்போது கல்லாவில் இருந்தவர் அமீலியா முர்ரே. எதிரே கூரை சரியச் சரிய, ரயில்வேயின் குத்தகைக்காரராக மீதி வீட்டை விடாமல் நடத்தினார். அப்புறம் மகள் ஆக்னஸ் 1930-கள் வரை நடத்தினார். எனக்கு ஷேக்ஸ்பியரைவிட இந்த அம்மாவையும் மகளையும் பற்றித்தான் இன்னும் தெரிந்துகொள்ள ஆசை.

அடுத்த முறை போனால் பழைய பாரின் சுவரைப் பார். கண்ணாடி மூடி இல்லாத பெரிய முகத்தோடு ஒரு கடிகாரம் தொங்கும். 1797-இல் பிரதமர் பிட், கடிகாரம் வைத்திருந்தால் ஆண்டுக்கு 5 ஷில்லிங் என்று வரி போட்டார். ஜனங்கள் தங்கள் கடிகாரங்களை ஒளித்துவைக்க, சத்திரக்காரர்கள் ஊருக்கே மணி காட்ட இதை மாட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். வரி ஓராண்டுகூட நிற்கவில்லை. இந்த மாதிரிக் கடிகாரங்கள் அதற்கு முன்பே சத்திரங்களில் இருந்தன. இருந்தாலும் கதை நன்றாக இருக்கிறது, உன் நண்பர்களிடம் சொல்.

1937-இல் ரயில்வே கம்பெனி இந்தக் கட்டிடத்தை, பழைய கட்டிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே உங்கம்மா போனில் கேட்டால், பாதுகாக்கப்பட்ட புராதனக் கட்டிடம் ஒன்றைப் பார்க்கப் போனேன் என்று சொல். பொய்யில்லை. கையில் என்ன இருந்தது என்று அவள் கேட்டால், அது உன் பாடு.

அன்புடன்,
மாமா