ஆறு நிமிடத்தோடு நிறுத்திவிடாதீர்கள்

அமெரிக்க சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்களில் நிகழ்ச்சி நிரல் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். நான் இசைக்கலைஞன் அல்ல. டிக்கெட் வாங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவன். ஜார்ஜ் வாக்கர் என்ற அமெரிக்கக் கறுப்பின இசையமைப்பாளரின் பெயரை நிரலில் பார்த்ததற்காகவே மூன்று முறை அரங்குக்கு வந்திருக்கிறேன். மூன்று முறையும் நரம்பிசைக் கருவிகளுக்காக அவர் எழுதிய ‘லிரிக் ஃபார் ஸ்ட்ரிங்ஸ்’தான். கச்சேரியின் முதல் உருப்படி, ஏறத்தாழ ஆறு நிமிடம். தாமதமாக வந்தவர்கள் கதவுக்கு வெளியே நிற்கும்போதே அது முடிந்துவிட்டது. அப்புறம் மேடையில் நாற்காலிகளை நகர்த்தி, பெரிய பெயர்களுக்கு இடம் செய்தார்கள். மூன்றில் இரண்டு கச்சேரிகள் பிப்ரவரியில், கறுப்பின வரலாற்று மாதத்தில் நடந்தவை.

அந்த ஆறு நிமிடத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. வாக்கர் இருபதுகளின் தொடக்கத்தில், 1946-இல் எழுதியது அது. அவருடைய முதல் நால்வர் நரம்பிசைப் படைப்பின் இரண்டாவது பகுதிதான் பிறகு தனி உருப்படியானது. முதலில் அவர் அதற்கு வைத்த பெயர் ‘லேமென்ட்’, அதாவது ஒப்பாரி. இறந்துபோன பாட்டிக்காக எழுதினார். அந்தப் பாட்டி அடிமையாக இருந்து தப்பி வந்தவர்; முதல் கணவரை விற்றுவிட்டார்கள். அடிமை வாழ்க்கை எப்படி இருந்தது என்று பேரன் ஒருமுறை கேட்டபோது, எங்களைத் தின்னவில்லை, மற்ற எல்லாம் செய்தார்கள் என்றாராம். வாக்கரே பேட்டிகளில் சொன்னது இது. தெரிந்துகொண்டு கேட்டால் செல்லோக்கள் கீழே இறங்கும் இடத்தில் தொண்டை அடைக்கிறது. ஆனால் அதை எழுதிய பிறகு அவர் எழுபது ஆண்டுகள் எழுதினார். அந்த எழுபது ஆண்டுகள் எங்கே என்றுதான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். 1922-இல் வாஷிங்டனில் பிறந்தார். அப்பா ஜமைக்காவிலிருந்து வந்த மருத்துவர். ஐந்து வயதில் பியானோ. பதினான்கு வயதில் ஓபர்லின் கல்லூரி, பதினெட்டில் பட்டம். பிறகு பிலடெல்ஃபியாவின் கர்ட்டிஸ் இசைக்கல்லூரி. அங்கே ருடால்ஃப் செர்கினிடம் பியானோவும், ரொசாரியோ ஸ்கலேரோவிடம் இசையமைப்பும் படித்தார். 1945-இல் அங்கே தேறிய முதல் கறுப்பினப் பட்டதாரி அவர். அதே ஆண்டில் நியூயார்க் டவுன் ஹாலில் அரங்கேற்றம். இரண்டு வாரம் கழித்து யூஜின் ஆர்மண்டி நடத்த, பிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவுடன் ரஹ்மானினோவின் மூன்றாவது கான்செர்ட்டோ, அதாவது தனிப் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. பியானோ வாசிப்பவர்களைக் கேளுங்கள், அந்தக் கான்செர்ட்டோவைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், அவ்வளவு கடினம். வாக்கருக்கு அப்போது வயது 23.

வேறு யாராக இருந்தாலும் அங்கிருந்து ஒரு கச்சேரி வாழ்க்கை தானாகத் தொடங்கியிருக்கும். இவருக்கு ஓர் ஏற்பாட்டு நிறுவனம் கிடைக்கவே 1950 ஆனது. கிடைத்த பிறகும், கறுப்பின பியானோ கலைஞரை விற்பது கடினம் என்ற பதில்தான் வந்தது. 1954-இல் ஐரோப்பாவில் சுற்றி வாசித்தார். நல்ல பெயர் கிடைத்தது. உடல் ஒத்துழைக்கவில்லை, வயிற்றுப்புண். ஊர் திரும்பி ஆசிரியப் பணிக்குப் போனார். ரோச்சஸ்டரில் முனைவர் பட்டம், பாரிஸில் நாடியா பூலான்ஜேயிடம் பாடம், பிறகு நியூவார்க் ரட்கர்ஸில் 1992 வரை பேராசிரியர்.

அந்த வகுப்பறை ஆண்டுகளில் அவர் என்ன எழுதினார் என்பதை உங்கள் நூலகர்களிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தனிப் பியானோவுக்கான ஐந்து சோனாட்டாக்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்துக்குள் வந்துவிட்டன. 1975-இல் ஒரு பியானோ கான்செர்ட்டோ. பியானோ கலைஞர் நடாலி ஹிண்டராஸ் டெட்ராய்ட் சிம்பொனியுடன் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்டுதோறும் உங்கள் மேடைக்கு வரும் பியானோ விருந்தினர்களில் ஒருவரிடமாவது இதை வாசிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறீர்களா? பியானோவே தன் குரல் என்று நினைத்த ஒருவர், அந்தக் குரலுக்கு மேடை கிடைக்காத பிறகு எழுதிய கான்செர்ட்டோ அது. எனக்கு அதை ஒரு முறையாவது அரங்கில் கேட்க வேண்டும்.

அப்புறம் சின்ஃபோனியாக்கள், அதாவது முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கான படைப்புகள். ஐந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். லிரிக்கின் இதத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதல் தடவை அதிர்ச்சியாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. பித்தளைக் குழல்கள் வெட்டிக்கொண்டு நுழையும், தாளம் பிடிபடும் முன்பே மாறும், எங்கும் இளைப்பாற இடமில்லை. நான்காவதில், ‘ஸ்ட்ராண்ட்ஸ்’ என்று பெயர் வைத்ததில், கறுப்பின மக்களின் பழைய ஆன்மிகப் பாடல்களின் துணுக்குகளை நெய்திருக்கிறார். துருத்திக்கொண்டு தெரியாது. ராகத்தின் சாயலை ஒரு பிடியில் காட்டிவிட்டு வித்வான் நகர்ந்துவிடுவாரே, அதுபோல. எனக்கு அது பிடிபட நாலைந்து முறை கேட்க வேண்டியிருந்தது. பதிவு இருந்ததால் கேட்க முடிந்தது. பதிவில்லாத காலத்து ரசிகனுக்கு நீங்கள் மட்டும்தானே வழி?

ஒத்திகை நேரம் காசு என்று சொல்வீர்கள். இவை கடினமான படைப்புகள், உண்மைதான். ஆனால் அவர் பிறந்த ஊரின் நேஷனல் சிம்பொனி, ஜியானந்த்ரியா நொசெடா நடத்த, ஐந்தையும் வாசித்துப் பதிவும் வெளியிட்டுவிட்டது. ஒரு குழுவால் முடிந்திருக்கிறது.

1996-இல் ‘லைலாக்ஸ்’ படைப்புக்காக அவருக்கு அமெரிக்காவின் பெரிய விருதான புலிட்சர் கொடுத்தார்கள். இசைக்காக அதைப் பெற்ற முதல் கறுப்பின இசையமைப்பாளர். வால்ட் விட்மன் லிங்கனுக்காக எழுதிய இரங்கல் கவிதையின் வரிகளுக்கு, பாஸ்டன் சிம்பொனி கேட்டு வாக்கர் இசை எழுதியது அது. அப்போது அவருக்கு 73 வயது. விருதுக்குப் பிறகு கதவுகள் திறந்திருக்கும் என்று நாம் நினைப்போம். வாழ்த்துகள் வந்தன, கச்சேரி அழைப்புகள் அந்த அளவுக்கு வரவில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

கடைசி சின்ஃபோனியாவுக்குப் பெயர் ‘விஷன்ஸ்’. 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் பைபிள் வகுப்புக்குக் கூடியிருந்த ஒன்பது பேர் சுட்டுக் கொல்லப்பட்டதன் சுவடு அதில் இருக்கிறது. தொண்ணூறைத் தொட்டுக் கடந்த மனிதர், பாட்டிக்காக ஒப்பாரி எழுதிய அதே கையால் எழுதியது. 2018 ஆகஸ்டில் அவர் இறந்தார். சியாட்டில் சிம்பொனி அதை முதன்முதலில் மேடையேற்றியது 2019 ஏப்ரலில்.

என் கோரிக்கை இதுதான். வரும் பருவத்தில் ‘விஷன்ஸ்’ஐ இடைவேளைக்குப் பிறகு வையுங்கள், அக்டோபரிலோ ஏப்ரலிலோ. கச்சேரிக்கு முந்தைய உரையில் அந்த ஒன்பது பேரின் பெயர்களையும் வாசியுங்கள். லிரிக்கையும் வேண்டுமானால் அதே மாலையில் முதலில் வாசித்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே எழுபது ஆண்டுகள் இருப்பது கேட்பவர்களுக்குத் தெரியட்டும். தேதியை முன்கூட்டியே அறிவித்தால் நான் நண்பர்களையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பின்வரிசை ரசிகன்