டீம் பையில சரியான சைஸ் பேட் வைங்க, சொந்த பேட் பேச்சு அப்புறம் இருக்கட்டும்

வடசென்னையில பொண்ணுங்களுக்கு, பேஸ்பால் மாதிரி உருண்டை பேட்டால ஆடுற சாப்ட்பால் சொல்லிக்குடுக்குற கோச் அண்ணன்களுக்கும், பி.டி. டீச்சருங்களுக்கும், டீம் நடத்துறவங்களுக்கும், கிரவுண்டு கேட்டாண்ட நின்னு புள்ளைங்களுக்காக காத்திருக்குற அம்மா அப்பாக்களுக்கும்,

வணக்கம். நான் ஸ்கூல்லேர்ந்து காலேஜ் வரைக்கும் சாப்ட்பால் ஆடுனவ, இப்ப லீவு நாள்ல காலையில கிரவுண்டுக்கு வந்து சின்ன புள்ளைங்களுக்கு பேட்டிங் பாத்துக்குறேன். சுத்தி வளைக்காம கேட்டுடறேன். "அடுத்த மாசத்துலேர்ந்து அவங்கவங்க பேட்ட அவங்கவங்களே வாங்கிட்டு வந்துடணும்"னு புள்ளைங்க கிட்ட வீட்டுக்கு சொல்லி அனுப்பாதீங்க. பேட் டீமோட பொருளா இருக்கட்டும். அதோட, அந்த டீம்ல ஆடுற புள்ளைங்க உயரத்துக்கும் கைக்கும் ஏத்த பேட்டா பையில இருக்கட்டும். இந்த ரெண்டாவது விஷயம் நடக்காததாலதான் சொந்த பேட் பேச்சே கிளம்புது.

நம்ம ஏரியா நிலைமை உங்களுக்கு தெரியாதது இல்ல. கொருக்குப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர்னு வர்ற புள்ளைங்கள்ல பல பேருக்கு ஷூ வாங்குறதே தீபாவளிக்கு தள்ளிப்போற செலவு. அதுலயும் சம்மர் கேம்ப் நாம நடத்துறது ஏப்ரல், மே. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்கு போகாது, கடலை நம்பி இருக்குற வீட்டுல அந்த ரெண்டு மாசம் அரிசி பருப்புக்கே கணக்கு பாப்பாங்க, சரியா அந்த நேரம் பாத்து பேட் வாங்கிட்டு வான்னு சொன்னா அந்த புள்ள என்ன பண்ணும்? சண்டை போடாது, அழாது, "பேட் வாங்குனதும் வரேங்க்கா"ன்னு சொல்லிட்டு போகும். அப்புறம் வராது. நல்லா ஓடுற, நல்லா கேட்ச் புடிக்குற புள்ளைங்க இப்படி நின்னு போனத நான் பாத்திருக்கேன், நீங்களும் பாத்திருப்பீங்க.

கோச்சுங்க பக்கம் இருக்குற கஷ்டமும் எனக்கு தெரியும். பொது பேட்டுன்னா ஆளாளுக்கு தரையில அடிப்பாங்க, கல்லு அடிச்சு பாப்பாங்க, கிரிப் பிஞ்சா ஒட்ட ஆள் இருக்காது, மழையில போட்டுட்டு போயிடுவாங்க. சொந்த பேட்டுன்னா பத்திரமா வெச்சுக்கும்ன்றது உண்மைதான். ஆனா பத்திரமா பாத்துக்குறதுக்கு பழக்கம் சொல்லிக்குடுக்கலாம், வாரத்துக்கு ரெண்டு புள்ளைங்கள பைக்கு பொறுப்பா போடலாம், அதுக்காக பதினஞ்சு வீட்டுல பதினஞ்சு பேட் வாங்க வைக்குறது தீர்வு இல்ல.

இப்ப சைஸ் விஷயத்துக்கு வரேன், இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா நிறைய டீம்ல இதுதான் கோட்டை விடுற இடம். சாப்ட்பால் ரூல்ல பேட் அதிகபட்சம் 34 இன்ச் நீளம், 2¼ இன்ச் விட்டம். நம்ம பையில பெரும்பாலும் இருக்குறது அந்த 34 இன்ச்சேதான், காலேஜ் டீம் ஆடி முடிச்சு குடுத்தது. நீளத்துல இருக்குற இன்ச் நம்பர்லேர்ந்து எடையில இருக்குற அவுன்ஸ் நம்பர கழிச்சா வர்றது ட்ராப். 34 இன்ச், ட்ராப் 8 பேட்டுன்னா 26 அவுன்ஸ், முக்கால் கிலோவுக்கு கொஞ்சம் கம்மி. பன்னெண்டு வயசு புள்ளைக்கு 29 இல்லேன்னா 30 இன்ச்சே போதும், அதுல 30 இன்ச், ட்ராப் 10ன்னா 20 அவுன்ஸ், 570 கிராம் பக்கம் வரும். நூத்தி எழுபது கிராம் வித்தியாசம் என்ன பெரிய விஷயம்னு தோணும், ஆனா அந்த எடை கையில இல்ல, நீட்டிட்டு இருக்குற பேட்டோட நுனி பக்கம் இருக்கு.

அந்த 34 இன்ச் பேட்ட சின்ன புள்ள கையில குடுத்துட்டு பக்கத்துல நின்னு பாருங்க. மொதல்ல கைய நாலு விரக்கடை மேல ஏத்தி புடிக்கும், கீழ மிச்சமிருக்குற புடி வயித்துல இடிக்கும். பால் வரும்போது பின் பக்க தோள் இறங்கும், பேட் நுனி கீழ தொங்கும், எடைய இழுத்துட்டு வரணுமேன்னு உடம்பு முன்னாடியே திரும்பிடும், கை பின்னாடி வரும். பிட்சர் நாப்பது அடி பக்கம் நின்னு வீசுற பாலுக்கு இது எந்த காலத்துலயும் நேரத்துக்கு வராது. உடனே நாம என்ன கத்துறோம்? "லேட்டு, லேட்டு, சீக்கிரம் சுத்து." அந்த புள்ள மேல தப்பே இல்ல, பேட் மேல தப்பு. இப்படி ரெண்டு வருஷம் சுத்துன கைக்கு அப்புறம் சரியான பேட்டே குடுத்தாலும் பழைய ஸ்விங்தான் வரும், அத மாத்த நான் படுற பாடு எனக்குதான் தெரியும்.

சைஸ் பாக்குறதுக்கு மெஷின் ஒண்ணும் வேணாம். பேட்டோட அடி குமிழ நெஞ்சு நடுவுல வெச்சு, பேட்ட முன்னாடி நீட்டி, கையையும் கூடவே நீட்டுனா விரல் நுனி பேட்டோட முனைய தொடணும், அது நீளத்துக்கு. எடைக்கு, ஒத்த கையால அடிப்புடிய புடிச்சு பக்கவாட்டுல தோள் உயரத்துக்கு நீட்டி அரை நிமிஷம் நிக்க சொல்லுங்க. கை நடுங்கி இறங்குச்சுன்னா அந்த பேட் இப்போதைக்கு அந்த புள்ளைக்கு வேணாம்.

இன்னொரு கணக்கும் இருக்கு. மேட்ச்ல ஒரு நேரத்துல பேட்டிங் பண்றது ஒருத்தி, அடுத்து வர்றவ ஆன்-டெக்ல, அதான் காத்திருக்குற இடத்துல, வார்ம் அப் பண்றது ஒருத்தி, மொத்தமே ரெண்டு பேட்தான் கையில இருக்கும். பிராக்டிஸ்ல டீ (பால மேல நிறுத்தி வைக்குற ஸ்டாண்டு) வெச்சு அடிக்குறது, பக்கத்துலேர்ந்து டாஸ் போட்டு அடிக்குறதுன்னு பிரிச்சாலும் நாலு அஞ்சு பேட்டுக்கு மேல ஒரே நேரத்துல சுத்த மாட்டாங்க. அப்ப 28, 30, 31, 32, 33னு அஞ்சு பேட் பையில இருந்தா பன்னெண்டு வயசுலேர்ந்து பதினாறு வயசு வரைக்கும் ஒரு டீமே ஆடிடலாம். புள்ள வளந்தா பையிலேர்ந்து அடுத்த சைஸ் எடுத்துக்கும். சொந்தமா வாங்குன வீட்டுல ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல பேட் சின்னதா போயி பரணுக்கு போயிடுது.

குடும்பத்தால ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும்னா, அம்மா அப்பாக்களே, க்ளவுஸ் வாங்கிக்குடுங்க. பீல்டிங்ல ஒன்பது பேரும் ஒரே நேரத்துல க்ளவுஸ் போட்டு நிக்கணும், அத மாத்தி மாத்தி போட முடியாது. தோல் க்ளவுஸ் அந்த கைக்கு ஏத்த மாதிரிதான் மடிஞ்சு பழகும், அடுத்தவங்களோடத போட்டா பால் உள்ள வந்து தெறிச்சு போகும். இடது கையால வீசுற புள்ளைன்னா இன்னும் கஷ்டம், வலது கைல போடுற க்ளவுஸ் டீம் பையில இருக்கவே இருக்காது, அந்த புள்ள தலைகீழா மாட்டிக்கிட்டு நிக்கும். நம்ம ஏரியா கேரம் செண்டருங்கள்ல எப்படி? போர்டு எல்லாருக்கும் பொது, ஸ்ட்ரைக்கர் மட்டும் அவங்கவங்க பாக்கெட்ல. புது வண்ணாரப்பேட்டையிலேர்ந்து போயி 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் வாங்குன காசிமாவும் இப்படி ஒரு செண்டர்ல ஆடி வந்த பொண்ணுதான். எங்க ஆட்டத்துல பேட்தான் போர்டு, க்ளவுஸ்தான் ஸ்ட்ரைக்கர்.

சொந்த பேட் வெச்சிருக்குற புள்ளைங்க பத்தியும் சொல்லணும், அவங்க மேல எனக்கு எந்த கோவமும் இல்ல. வசதி இருக்கு, ஆசையா வாங்கி குடுத்திருக்காங்க, ஆடட்டும். 2028 ஒலிம்பிக்ஸ்ல சாப்ட்பால் திரும்ப வருது, போன்ல பாத்துட்டு அதே மாதிரி பளபளன்னு பேட் வேணும்னு கேக்குறது சின்ன புள்ளைங்க சுபாவம். ஆனா அந்த பேட்ட கோச் வாங்கி "எல்லாரும் இதுல அடிங்க"ன்னு குடுக்குறது நியாயம் இல்ல. கார்பன் ஃபைபர் மாதிரி நார்ல செஞ்ச காம்போசிட் பேட்டுன்னா அமெரிக்காவுல 300, 400 டாலர் விக்குற சாமான், புதுசுல ஒரு 150, 200 தடவை மெதுவா அடிச்சு, பேட்ட கொஞ்சம் கொஞ்சமா திருப்பி திருப்பி பழக்கணும், தண்ணி குடிச்சு ஊறிப்போன பால அடிச்சா விரிசல் விட்டுடும். ஐப்பசி மழையில நம்ம கிரவுண்டுல எந்த பால் ஊறாம இருக்கு? ஒரு டீம்ல இப்படித்தான் ஒரு பொண்ணோட பேட் இன்னொரு பொண்ணு கையில விரிசல் விட்டு, ரெண்டு அம்மாவும் கிரவுண்டுலயே சண்டை, விரிசல் விட்டது யாரு தப்பும் இல்ல, ஆனா ரெண்டு புள்ளைங்களும் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கறது இல்ல. பையில சரியான பேட் இருந்திருந்தா அந்த பொண்ணு கடன் கேட்டிருக்கவே மாட்டா.

அதனால டீம் பைக்கு அலுமினியம் பேட்டே வாங்குங்க, பழக்க வேண்டிய வேலை இல்ல, அடி தாங்கும். நசுங்குனது, விரிசல் விட்டது, ஆட்டுனா உள்ள கலகலன்னு கேக்குறது எல்லாத்தையும் தனியா எடுத்துடுங்க. நசுங்குன பேட்டோட, பேட்டிங் பண்றவ நிக்குற பாக்ஸுக்குள்ள போனா அம்பயர் அவுட் குடுக்கலாம், அத விட முக்கியம் பேட் உடைஞ்சு துண்டு பறந்தா பக்கத்துல நிக்குறதும் ஒரு புள்ளதான். சொந்த பேட் இருக்குன்றதுக்காக பேட்டிங் ஆர்டர்ல மேல போடுறது, இல்லைன்றதுக்காக கீழ தள்ளுறது, இது ரெண்டும் எங்கயும் நடக்கக்கூடாது. காலேஜ், ஸ்டேட் லெவல்னு போற பொண்ணுக்கு உயரம் நின்னுடும், அப்ப அவளுக்கு கைக்கு பழகுன சொந்த பேட் வேணும்தான், அதுக்கு நானே கூட வந்து பாத்து வாங்கித்தரேன்.

காசு எங்கேர்ந்து வரும்னு கேப்பீங்க. ஜெர்சிக்கு வருதே அங்கேர்ந்துதான். பேர் போட்டு ஜெர்சி தர்றேன்னு ஏரியால யாராவது வருஷா வருஷம் வர்றாங்க, போன வருஷ ஜெர்சியே கிழியாம இருக்கு. அவங்க கிட்ட இந்த வருஷம் பேட் கேளுங்க, பை மேல அவங்க பேர பெருசா போட்டுக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம். மணலி, எண்ணூர் பக்கம் இருக்குற பெரிய கம்பெனிங்க கிட்டயும் ஒரு லெட்டர் குடுத்து பாக்கலாம், லெட்டர் எழுதித்தர நான் இருக்கேன். பரண்ல சின்ன சைஸ் பேட் தூங்குற வீடு இருந்தா அத டீம் பைக்கு குடுத்துடுங்க, அது ஒரு பெரிய உதவி.

வர்ற ஞாயித்துக்கிழமை பிராக்டிஸ் முடிஞ்சதும் பையில இருக்குற பேட் எல்லாத்தையும் தரையில பரப்பி, மேல அடிச்சிருக்குற இன்ச், அவுன்ஸ் நம்பர ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, நம்பர் அழிஞ்சிருந்தா டேப் வெச்சு அளந்துடலாம், எடைக்கு மளிகைக்கடை தராசு போதும். பக்கத்துலயே புள்ளைங்க உயரத்தையும் எழுதுங்க. என்ன சைஸ் குறையுதுன்னு தெரிஞ்சா பெரியமேடு கடைங்கள்ல போயி விலை விசாரிச்சிட்டு வர்றது என் பொறுப்பு.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலேர்ந்து ஒரு பழைய ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது பேஸுக்கும் மூணாவது பேஸுக்கும் நடுவுல நிக்குற பீல்டர்)