18 அடியா, 22 அடியா

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. தாளில் இடம் தீர்ந்தபின் ஓரத்தில் நெடுக்காக எழுதியிருந்தீர்களே, "படகு வாங்கப் போறியாமே, புத்தி கெட்டுப்போச்சா?" என்று, அதற்குப் பதில் யோசித்துத்தான் இத்தனை நாள் ஓடிவிட்டது. அத்தை வேலைதானே இது?

படகு என்றதும் கோடியக்கரை மீன்படகை நினைத்துவிடாதீர்கள். நம்ம திருவாரூர் கமலாலயக் குளத்துத் தெப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பீப்பாய்களுக்குப் பதில் நீளவாக்கில் இரண்டு அலுமினியக் குழாய்கள், உள்ளே வெறும் காற்று. மேலே தட்டையான தளம், சுற்றிக் கம்பி, சோபா, துணிப் பந்தல், பின்னால் மோட்டார். பான்டூன் என்கிறார்கள். 1952-ல் இதே மின்னசோட்டாவில் வீரஸ் என்று ஒரு விவசாயிதான் இரும்பு உருளைகள்மேல் பலகைத் தளம் போட்டு இதை ஆரம்பித்தாராம். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். எங்கள் ஊர் சாமி அதற்கு முன்பிருந்தே இப்படித்தான் போகிறார் என்றேன். மோட்டார் எத்தனை குதிரைசக்தி என்று கேட்டார். கரையில் நின்று ஜனங்கள் வடம் பிடிப்பார்கள் என்றதும் வெகுநேரம் யோசித்தார்.

அவருடைய 18 அடி படகு வாசலில் டிரெய்லர்மேல் நிற்கிறது. பனிக்காலத்தில் ஏரி உறைந்து கார் ஓடுகிற நாளிலும் தார்பாயைத் தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பார். எதிரே போனால், தண்ணீரில் போகிறவர் மாதிரி கையாட்டுவார். முதலில் சிரித்தோம். இப்போது பாப்பாவும் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள்.

ஆபீசில் இப்போது வேலை குறைவு, சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அதனால் படகுக் கடைகளைச் சுற்ற நேரம் கிடைக்கிறது. 18 அடியை எங்கள் காரே இழுக்கும், சின்ன ஏரிக்கு அது போதும். 22 அடிக்குப் பெரிய வண்டியும் பெரிய மோட்டாரும் வேண்டும். ஆனால் காற்றடித்தால் அது அவ்வளவாக ஆடாது, மூன்றாவது குழாய் வைத்ததென்றால் இன்னும் நல்லது. எத்தனை பேர், எவ்வளவு எடை என்று ஒரு தகட்டில் அடித்திருக்கிறார்கள். நான் பார்த்ததில் சின்னதற்கு எட்டுப் பேர், பெரியதற்குப் பன்னிரண்டு. பத்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் படகு ஓடும்போது மிதவைச் சட்டை போட்டே ஆக வேண்டும், சட்டம். ஓடம்போக்கி ஆற்றில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி என்னை இறக்கிவிட்டதைப் பாப்பாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

"நீங்கள் எத்தனை பேர்?" என்று கடைக்காரர் கேட்டார். பதினொன்று என்றேன். உங்கள் மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள், அம்மா, அத்தை, சின்ன மாமா வீடு, தங்கச்சி, மாப்பிள்ளை எல்லாரையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். அம்மாவுக்குப் பந்தலுக்குக் கீழே, அத்தைக்கு மோட்டார் சத்தம் எட்டாத முன்பக்கம். இங்கே தெப்பத் திருநாள் இல்லை, அவ்வளவுதான். ஏரி மட்டும் நம்ம ஐந்து வேலிக் குளத்தைப்போல் பல மடங்கு. சாயங்காலம் கரையில் ஆளே இருக்காது.

சரி, படகு இந்த வருஷம் இல்லை. அம்மா கவலைப்பட வேண்டாம்.

இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கும். பாங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் கட்டி இப்போதைக்குப் புதுப்பித்துவிடுங்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பார்களா? வாய்க்கால் தூர் வாராமல் நாற்று விடாதீர்கள், போன தடவை நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்த லட்சணம் தெரியும். ஆடுதுறை 43 விதைநெல்லைச் சின்ன மாமாவிடம் கேளுங்கள், காசு அப்புறம் கொடுக்கலாம். தங்கச்சி வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எழுதுங்கள். வர முடிகிறதா பார்க்கிறேன். கீழ வயல் பட்டாவில் தாத்தா பெயரே இருக்கிறதென்று எழுதியிருந்தீர்களே, வாரிசுச் சான்றிதழ் நகலைத் தகரப் பெட்டியில் அடியில் பாருங்கள், அம்மாவின் பழைய பட்டுப்புடவைக்குக் கீழே வைத்த ஞாபகம்.

உங்கள் மகன்