ஐம்பது சென்ட் கட்டணத்தைத் திருத்துங்கள்: டெக்சஸ் சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

டெக்சஸ் மாநிலச் சட்டமன்றத்தின் ஈரவைகளையும் சேர்ந்த மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 2027 ஜனவரியில் நீங்கள் மீண்டும் கூடும்போது, 911 அவசர அழைப்புச் சேவைக்காகக் கைப்பேசி இணைப்புகளிடம் வசூலிக்கப்படும் கட்டணத்தைத் திருத்தும் மசோதா ஒன்றை நிறைவேற்ற வேண்டும் என்று, ஹூஸ்டன் பகுதியில் வாழும் தமிழர்களுள் ஒருவனாகக் கேட்டுக்கொள்கிறேன். மாதம் 50 சென்ட் என்ற அந்தத் தொகை 1997-இல் வந்தது. அதன்பின் விலைவாசி ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. கட்டணம் மட்டும் அசையவில்லை.

சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 772-ஆம் அத்தியாயம், 911 சேவையை உள்ளூர் அளவில் நடத்தும் அவசரத் தொடர்பு மாவட்டங்களுக்கு வழிவகுக்கிறது. ஹாரிஸ், டாரன்ட், பெக்சார் கவுண்டிகளை மையமாகக் கொண்டவை அவற்றுள் பெரியவை. தரைவழித் தொலைபேசிக்கான கட்டணத்தைச் சட்டம் வகுத்த வரம்புக்குள் நிர்ணயிக்கும் உரிமை இம்மாவட்டங்களின் மேலாண்மைக் குழுக்களுக்கு உண்டு. கைப்பேசிக் கட்டணத்திலோ அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அது மாநிலம் முழுவதற்கும் ஒரே தொகையாக வசூலாகி, மக்கள்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பங்கிடப்படுகிறது. வீடுகளில் தரைவழித் தொலைபேசி அருகி வரும் காலத்தில், குறைந்துகொண்டே போகும் வருவாயை மட்டும் உள்ளூர்க் குழுவின் கையில் விட்டுவிட்டு, பெருகி நிற்கும் வருவாயைச் சட்டத்தால் இறுக்கிக் கட்டியிருக்கிறோம்.

இதைவிட என்னை உறுத்துவது முன்கட்டண (ப்ரீபெய்ட்) கைப்பேசிகளின் நிலை. அவற்றுக்கு மாதக் கட்டணம் கிடையாது. வாங்கும் தொகையில் 2 விழுக்காடு கடையிலேயே பிடிக்கப்படுகிறது. 25 டாலர் திட்டத்துக்கு அது 50 சென்ட், 50 டாலர் திட்டத்துக்கு ஒரு டாலர். மாதம் 80 டாலர் செலுத்தும் ஒப்பந்தச் சந்தாதாரரோ அதே 911 சேவைக்கு 50 சென்ட்டோடு முடித்துக்கொள்கிறார். முன்கட்டண இணைப்பை நாடுவோர் யார்? கடன் மதிப்பெண் இல்லாதவர்கள், கூலிக்கு உழைப்பவர்கள், புதிதாகக் குடிவந்தவர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் எங்கள் பெற்றோருக்கும் நாங்கள் வாங்கித் தருவது பெரும்பாலும் அத்தகைய சிம் அட்டைதான். வசதி குறைந்தவரிடம் கூடுதலாக வாங்குவது இச்சட்டத்தை எழுதியவர்களின் நோக்கமாக இருந்திராது. ஆனால் நடைமுறையில் அதுதான் நிகழ்கிறது.

இதை 2027-இல் செய்தாக வேண்டியதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. குரலோடு குறுஞ்செய்தி, படம், துல்லியமான இருப்பிடத் தகவல் ஆகியவற்றையும் ஏற்கக்கூடிய புதிய தலைமுறை 911 அமைப்பு, 2025 செப்டம்பருக்குள் மாநிலம் முழுவதும் வந்துசேர வேண்டும் என்று 2021-இல் நீங்களே இலக்கு வைத்தீர்கள். அதே ஆண்டு கூட்டரசின் பெருந்தொற்று மீட்பு நிதியிலிருந்து 15 கோடி டாலரும் ஒதுக்கினீர்கள். அந்த நிதியைச் செலவிடுவதற்கான கெடு 2026 டிசம்பரோடு முடிகிறது. கருவிகளை ஒருமுறை வாங்கிவிடலாம். வலைப்பின்னல் கட்டணமும், இணையப் பாதுகாப்பும், அழைப்பை ஏற்கும் பணியாளர்களின் பயிற்சியும் ஆண்டுதோறும் வரும் செலவுகள்.

கட்டணத்தை உயர்த்தச் சொல்பவன் பணம் எங்கே போகும் என்றும் கேட்டாக வேண்டும். நியூ ஜெர்சியில் ஒவ்வோர் இணைப்புக்கும் மாதம் 90 சென்ட் வாங்குகிறார்கள்; அதன் பெரும்பகுதி 911 சேவைக்கு வெளியே திருப்பப்படுவதாகக் கூட்டரசின் தொலைத்தொடர்பு ஆணையம் தன் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்பக் குறித்திருக்கிறது. நம் மாநிலமும் இதில் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது: 911 கணக்கில் சேர்ந்த தொகையைச் செலவிடாமல் நிறுத்திவைத்து, வரவுசெலவுத் திட்டம் சமன்பட்டதாகக் காட்டிய ஆண்டுகள் இங்கும் உண்டு.

ஆகவே, கைப்பேசிக் கட்டணத்தை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து, அதற்கு உச்சவரம்பும் வையுங்கள். முன்கட்டண விழுக்காட்டை, ஒப்பந்தச் சந்தாதாரர் தருவதற்கு மேல் எவரும் தராதபடி வரம்பிடுங்கள். வசூலாகும் ஒவ்வொரு டாலரும் அந்தந்த நிதியாண்டிலேயே 911 சேவைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைச் சட்ட வாசகத்திலேயே எழுதுங்கள். மேலாண்மைக் குழு உறுப்பினர்கள் நியமனம் பெறுபவர்கள், வாக்காளர் தேர்ந்தெடுப்பவர்கள் அல்லர் என்பதால், ஒவ்வொரு மாவட்டமும் தன் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் தணிக்கைக்குப்பின் பொதுமக்கள் படிக்கும் வடிவில் ஆண்டுதோறும் வெளியிடுவதைக் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டன் பகுதியில் கட்டணம் செலுத்தும் ஒரு தமிழன்