நிலநடுக்கச் செய்தியில் எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அந்தமான் பக்கம் நிலம் அதிர்ந்தால் உங்கள் நாளிதழில் "ரிக்டர் அளவுகோலில் இவ்வளவு, சுனாமி எச்சரிக்கை இல்லை" என்று நாலு வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. மற்ற ஊர்க்காரர்களுக்கு அது போதுமோ என்னவோ, நாகப்பட்டினத்தில் இருக்கிற எங்களுக்குப் போதாது. ஏன் என்று சொல்கிறேன், கடிதம் கொஞ்சம் நீளம்தான், வெட்டாமல் போடுங்கள்.

2012 ஏப்ரல் 11, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். சுமத்ராவுக்கு மேற்கே கடலுக்கடியில் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் ஆபீஸில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். இங்கே டிவியில் அந்த எண்ணைப் பார்த்ததுமே எங்கள் தெரு மொத்தமும் கிளம்பிவிட்டது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, அடுப்பை அணைத்தோமா என்றுகூடப் பார்க்காமல். 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், அதைப் பார்த்தவர்கள் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் அன்றைக்குப் பெரிய அலை எதுவும் வரவில்லை. மறுநாளே பேச்சு மாறிவிட்டது. "8.6-னு சொன்னாங்க, ஒண்ணும் வரலையே, இனிமே சொன்னா ஓட வேண்டியதில்ல." இதைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அலை வராததற்குக் காரணம் இருந்தது. அதை யாரும் இவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

பூமியின் மேல்பகுதி பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. அதில் நாம் நிற்கிற இந்தியத் தட்டு வருஷத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருக்கிறது. சுமத்ரா, அந்தமான் ஓரத்தில் அது பர்மா தட்டுக்கு அடியில் நுழைகிறது. நுழையும் இடத்தில் இரண்டும் கவ்விக்கொள்ளும், கீழே போகிற தட்டு மேலே இருப்பதன் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைக்கும், இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் இறுக்கம் ஏறி ஒருநாள் பிடி விட்டுவிடும். 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிவாக்கில் விட்டது அந்தப் பிடிதான். சுமத்ராவின் வடக்கில் தொடங்கி அந்தமான் வரைக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரிக்கும் சென்னைக்கும் உள்ள தூரத்தைப் போல இரண்டு மடங்கு, பத்து நிமிஷத்துக்குள் கிழிந்துகொண்டே போனது. நீங்கள் படத்தில் வைக்கிற புள்ளி கிழிசல் தொடங்கிய இடம் மட்டும்தான். வளைந்திருந்த விளிம்பு மேலே எகிறி, தன் மேல் இருந்த கடலையும் தூக்கிவிட்டது. வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்து பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன, தெற்கே நிக்கோபாரின் கடைக்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கிக் கலங்கரை விளக்கத்தின் அடியில் கடல் வந்து நின்றது.

2012-ல் நடந்தது வேறு. அது அகழிக்கு, அதாவது ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்துக் கடலடிப் பள்ளத்துக்கு மேற்கே, தட்டுக்கு உள்ளேயே உண்டான உடைப்பு. பாறைகள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு நகர்ந்தன. வாளித் தண்ணீரில் கையைக் கத்தி மாதிரி செங்குத்தாக வைத்து இழுத்துப் பாருங்கள், அப்புறம் அதே கையை விரித்து அடியிலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள். இரண்டாவதில்தான் தண்ணீர் வெளியே கொட்டும். ஆனால் இது ஆரம்ப நிமிஷங்களில் தெரியாது, இடமும் அளவும்தான் முதலில் கிடைக்கும். அதனால் அன்றைக்கு எச்சரித்ததும் சரி, நாங்கள் ஓடியதும் சரி.

அந்த அளவும் முதலில் சரியாக வந்துவிடாது. 2004-ல் ஹவாயில் உள்ள எச்சரிக்கை மையம் முதல் கால் மணி நேரத்தில் 8.0 என்றது, ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்றது, கடைசியில் அது 9.1 என்று தெரிந்தது. ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, அப்படியானால் 8.0-க்கும் 9.1-க்கும் நடுவே 40 மடங்குக்கு மேல் வித்தியாசம். ரிக்டர் அளவுகோல் 1935-ல் தெற்குக் கலிபோர்னியாவுக்காக உண்டாக்கியது, மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தால் அது ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. இப்போது விஞ்ஞானிகள் பயன்படுத்துவது மொமென்ட் அளவு. எவ்வளவு பரப்பு உடைந்தது, எத்தனை மீட்டர் நகர்ந்தது, பாறை எவ்வளவு விறைப்பானது என்ற மூன்றையும் வைத்து அதைக் கணக்கிடுகிறார்கள். இன்னமும் ரிக்டர் என்றே அச்சடிப்பதை நிறுத்திவிடுங்கள்.

தேசிய நில அதிர்வு மையம் ஒவ்வொரு நிலநடுக்கத்துக்கும் ஆழத்தையும் சேர்த்துத்தான் வெளியிடுகிறது, முதல் நாள் செய்தியிலேயே அதைப் போடலாம். பெரிய நிலநடுக்கம் என்றால் மறுநாள், தட்டு மேலே எகிறியதா பக்கவாட்டில் நகர்ந்ததா என்று ஒரு வரி. வருகிற டிசம்பர் 26 நினைவுநாள் பக்கத்தில் 2004, 2012 இரண்டின் வரைபடத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள், அந்தத் தாளைக் கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
நாகப்பட்டினம்.