கியர் எண்ணிக்கையைப் பார்த்து பாக்ஸ் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களுக்கு வேறு கியர் பாக்ஸ் மாற்றுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுதியதே சந்தோஷம். ஆனால் ஐந்து கியரைவிட ஆறு கியர் நல்லது, அதிக டார்க் (எஞ்சின் சுழற்றும் பலம்) தாங்குவதே சிறந்தது என்று அதில் சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு யாராவது பணத்தைக் கொட்டிவிடுவார்களே என்றுதான் இந்தக் கடிதம். ஷார்ஜாவில் 11 வருஷம் அமெரிக்க வண்டிகளுக்குக் கியர் பாக்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்து இப்போது காட்பாடியில் பட்டறை வைத்திருக்கிறேன்.

ஷார்ஜாவில் ஒருவர் 1969 காமரோ என்ற அமெரிக்கக் கார் கொண்டுவந்தார். பின் ஆக்சிலில் கிரவுன் பினியன் ரேஷியோ 3.08, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர் பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.08 சுற்று சுற்ற வேண்டும். ட்ரெமெக் கம்பெனியின் டி-56 மேக்னம், ஆறு கியர் பாக்ஸ்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அது பெரிய பாக்ஸ், 700 பவுண்டு-அடி டார்க் தாங்கும், ஆனால் அந்த உடம்புக்குள் உட்கார வேண்டுமென்றால் வண்டித் தரையின் நடுவில் பாக்ஸுக்கு மேலே இருக்கும் மேட்டை வெட்டி, தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், அதையும் செய்தோம். அவர் வாங்கிய பாக்ஸில் ஆறாவது கியர் ரேஷியோ 0.50, அதாவது பாக்ஸிலிருந்து வெளியே போகும் தண்டு ஒரு சுற்று சுற்ற எஞ்சின் அரைச் சுற்று சுற்றினால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 26 அங்குல டயரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,240 சுற்றுதான் சுற்றும். அதிக வேகச் சுற்றில் பலம் தருவதற்காக கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிய வி-8 எஞ்சின் அந்தச் சுற்றில் இழுக்காது, உதறும். ஆறாவது கியர் இருந்தும் அவரால் அதைப் போடவே முடியவில்லை. அதற்குப் பதில் ஓவர் டிரைவ் (ரேஷியோ 1-க்குக் கீழே இருக்கும் கடைசி கியர்) 0.68 உள்ள, அதே ட்ரெமெக்கின் ஐந்து கியர் டிகேஎக்ஸ் பாக்ஸை வாங்கியிருந்தால் 600 பவுண்டு-அடி தாங்கும், பெரும்பாலான பழைய வண்டிகளில் பெரிதாக வெட்டாமல் உட்காரும். அந்தப் பணத்தில் ஆக்சில் ரேஷியோவையும் சரிசெய்திருக்கலாம்.

ரோட்டில் ஓட்டுகிற வண்டிக்கு நான் முதலில் பார்ப்பது ஃபர்ஸ்ட் கியர் ரேஷியோவையும் கிரவுன் பினியன் ரேஷியோவையும் பெருக்கினால் என்ன வருகிறது என்பதுதான். பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி. 2.87 ஃபர்ஸ்டுக்கு 3.55 ஆக்சில் என்றால் 10.2. பழைய அமெரிக்க வண்டிகளில் வந்த மன்சி எம்-21 என்ற நான்கு கியர் பாக்ஸில் ஃபர்ஸ்ட் 2.20தான், அதை 3.08 ஆக்சிலோடு சேர்த்தால் 6.8. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறி பாதியில் நிற்கிற மாதிரி நெரிசலில் கிளட்ச் பிளேட் கருகிவிடும். மறுபக்கம் 3.27 ஃபர்ஸ்டை 4.10 ஆக்சிலில் போட்டால் 13.4, கிளம்பின நொடியே செகண்ட் போட வேண்டியிருக்கும். ஆனால் 4.10 உள்ளவர்களுக்குத்தான் ஓவர் டிரைவின் அருமை தெரியும், 100 கிலோமீட்டரில் 3,290 சுற்றில் கத்திக்கொண்டிருந்த எஞ்சின் 0.68 வந்ததும் 2,240க்கு இறங்கும், வண்டிக்குள் உட்கார்ந்து பேச முடியும்.

நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். அமெரிக்க வண்டிகளுக்கு அங்கே இருக்கிற இடம் இங்கே இந்துஸ்தான் கான்டெஸாவுக்குத்தான், 1984 முதல் 2002 வரை வந்த வண்டி. ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி அப்பாவின் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் எஞ்சின் கான்டெஸாவைக் கொண்டுவந்தான். வேறொரு பட்டறையில் ‘ஸ்ட்ராங்கா இருக்கும்’ என்று சொல்லி டீசல் வண்டி பாக்ஸை ஏற்றியிருக்கிறார்கள். 88 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அவ்வளவு பலம் எதற்கு? ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்டில் எஞ்சின் அலறுகிறது, தேர்டு போட்டால் செத்துப்போகிறது, இரண்டுக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. பாக்ஸை இறக்கினால் வேறு பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் அடாப்டர் பிளேட்டில் கண்ணளவில் துளை போட்டிருந்தார்கள். டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவுகோல்) வைத்துச் சுற்றிப் பார்த்தேன், எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங்கின் மையம் 0.022 அங்குலம் விலகி ஓடியது. 0.005க்கு மேல் இருக்கக் கூடாது. முன் பேரிங் சத்தம் போட்டதும் கியர் நழுவியதும் அதனால்தான்.

அப்புறம் காயலான் கடையில் தேடி அந்த வண்டியோடு வந்த ஐந்து கியர் பாக்ஸையே பிடித்து, சிங்க்ரோ ரிங்கும் (கியர் உரசாமல் விழ உதவும் வளையம்) பேரிங்கும் மாற்றிப் போட்டோம். போன வாரம் மறுபடியும் ஏலகிரி போய்விட்டு வந்து, “அண்ணா, செகண்ட்லயே ஜம்முனு ஏறிடுச்சு” என்றான்.

ஒரு சின்ன விஷயம், ட்ரெமெக் பாக்ஸ்களுக்கு ஊற்ற வேண்டியது ஏ.டி.எஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு ஊற்றுகிற மெல்லிய ஆயில். பழக்கத்தில் கெட்டியான 90 நம்பர் கியர் ஆயிலை ஊற்றிவிட்டு கியர் கெட்டியாக விழுகிறது என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி இது மாதிரி கட்டுரை போடும்போது எந்தப் பாக்ஸைச் சொன்னாலும் அதன் ஃபர்ஸ்ட், கடைசி கியர் ரேஷியோவையும், எந்த கிரவுன் பினியனுக்கு அது பொருந்தும் என்பதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்